கருப்புப் பட்டியல் என்று எழுதலாமா, கூடாதா?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கம். வேலையில் ஒரு சிக்கல். நாலு பேர் பேசினால் தெளியும் என்று இங்கே போடுகிறேன்.

பனியன் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் (விதிகள் சரியாக நடக்கின்றனவா என்று கவனிக்கும் வேலை) பார்க்கிறேன். பையர் அனுப்பும் விதிமுறைப் புத்தகத்தைத் தமிழில் எழுதி, எங்களிடம் துணி வாங்கிக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரர்களுக்குக் கொடுப்பது என் பொறுப்பு. குழந்தைகளை வேலைக்கு வைத்தாலோ, சொல்லாமல் வேறு யூனிட்டுக்கு வேலையைத் தள்ளிவிட்டாலோ, அந்த யூனிட்டின் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். ஆங்கிலத்தில் அதற்கு 'பிளாக்லிஸ்ட்' என்று இருந்தது. நான் 'கருப்புப் பட்டியல்' என்று எழுதிவந்தேன்.

இந்த முறை வந்த புத்தகத்தில் அந்தச் சொல்லைக் காணோம். பிளாக்லிஸ்ட் போய் 'டினைலிஸ்ட்' (மறுக்கும் பட்டியல்), ஒயிட்லிஸ்ட் போய் 'அலவ்லிஸ்ட்' (அனுமதிக்கும் பட்டியல்). கருப்பென்றால் கெட்டது, வெள்ளையென்றால் நல்லது என்று எழுதி எழுதியே மனிதர்களின் தோலையும் அப்படிப் பார்க்கப் பழகிவிடுகிறோம் என்று காரணம் சொல்லியிருந்தார்கள். தமிழிலும் மாற்றட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "தமிழ்ல கருப்புன்னா என்னங்க தப்பு? நம்ம சாமியே கருப்பராயன்தானுங்க" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நீங்கள் எல்லாம் என்ன நினைக்கிறீர்கள்?


பீளமேட்டான் (கோவை)

அக்கா, எங்கள் மென்பொருள் தொழிலில் இது பழைய சண்டை. 2003-லேயே அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிர்வாகம், தனக்குக் கருவிகள் விற்பவர்களிடம் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்ற பெயர்களைத் தவிர்க்கச் சொன்னது. இணையதளம் கட்டப் பயன்படும் ட்ரூபலும் ஜாங்கோவும் 2014-ல் அந்தச் சொற்களைக் கைவிட்டன. பைத்தான் என்ற நிரல்மொழி 2018-ல். 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் உயிர்விட்ட பிறகுதான் பேச்சு எல்லா இடத்துக்கும் பரவியது. அந்த ஜூலையில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதும் குழு, புதிதாக எழுதும் நிரலில் பிளாக்லிஸ்ட் என்ற சொல் வேண்டாம் என்று விதி போட்டது. பழைய இடங்களில் மாற்றினால் மற்றவர்களின் நிரல் உடையும் என்றால் அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னது. அக்டோபர் 1 முதல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் புதிய திட்டங்களின் முதல் கிளைக்கு 'மாஸ்டர்' போய் 'மெயின்' வந்தது.

ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. மாஸ்டர்-ஸ்லேவ் என்பது நேராக ஆண்டான், அடிமை. அதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பிளாக்லிஸ்ட் அப்படி இல்லை. 17-ம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புழங்கிய சொல் அது. தோலைப் பார்த்துப் பிறந்த சொல் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அப்படியும் நான் மாற்றிவிட்டேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒயிட்லிஸ்ட் என்றால் என்னவென்று உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அலவ்லிஸ்ட் என்றால் யாரும் கேட்பதில்லை.


ஊத்துக்குளி வெண்ணெய்

நான் மாற்ற வேண்டாம் என்கிற கட்சி. கோபப்படாமல் படியுங்கள்.

கருப்பு என்றால் இருட்டு. இருட்டில் பாம்பு வரும், திருடன் வருவான். அதனால்தான் உலகம் முழுக்க அது பயத்துக்கான நிறம். மனிதன் தோலுக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டது யார்? கணக்குப் புத்தகத்தில் சிவப்பு மை நஷ்டம், கருப்பு மை லாபம். சிவந்த தோல்காரர் யாராவது அதற்காக வருத்தப்பட்டாரா? அரசாங்கம் வெள்ளை அறிக்கை வெளியிடுகிறது. அதில் வெள்ளைக்காரன் பெருமையா இருக்கிறது?

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் குளோ அண்ட் லவ்லி ஆனது. கடையில் அது இருந்த தட்டு மாறவில்லை. வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்பதும் மாறவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் கருத்த பெண்ணுக்கு அந்தப் பெயர் மாற்றத்தால் என்ன கிடைத்தது? சொல்லைத் துடைத்துவிட்டு 'எங்கள் வேலை முடிந்தது' என்று கம்பெனிகள் எழுந்து போய்விடும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.


அந்தியூர் வாத்தியார்

நொய்யல்கரை அம்மிணி, நல்ல கேள்வி. பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

தொல்காப்பியத்தில் உரியியலில் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று வருகிறது. இரண்டு நிறமும் கோபத்தைக் குறிக்கும் என்று பொருள். நிறத்தையும் குறிக்கும் என்று அடுத்தாற்போலச் சொல்கிறது. கோபத்தில் முகம் கறுக்கும், கண் சிவக்கும். இன்னார் கருப்பு, இன்னார் சிவப்பு என்ற பேச்சே அங்கே இல்லை.

சரி, தமிழில் நல்லதுக்கு வைத்த நிறம் வெள்ளைதானா? செம்மை, செந்தமிழ், செங்கோல் என்று நல்லதெல்லாம் சிவப்போடு ஒரே வேரில் நிற்கிறது. வெண்மைக்கு வள்ளுவர் தரும் பொருளைப் பாருங்கள். 'வெண்மை எனப்படுவது யாதெனின் ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு' (குறள் 844). நான் அறிவாளி என்று தானே நினைத்துக்கொள்ளும் அற்பத்தனத்துக்குப் பெயர் வெண்மை! மரம் அறுக்கிறவரிடம் போய்க் கேளுங்கள். வெளிப்பக்கம் வெளுத்திருப்பது வெளிறு, அதைப் பூச்சி அரித்துவிடும். உள்ளே கருத்து இறுகியிருப்பது வைரம். வைரம் பாய்ந்த கட்டை என்று வயதானவர்களைப் புகழ்கிறோமே, அது கருத்த பாகத்துக்குக் கிடைத்த மரியாதை.

எனக்குச் சாதகமாக இருப்பதை மட்டும் எடுத்துப் போட்டால் அது நேர்மை ஆகாது. வேஷக்காரர்களைச் சொல்லும்போது அதே வள்ளுவர், வெளியே குன்றிமணி போலச் சிவந்து உள்ளே அதன் மூக்குப் போலக் கருத்தவர் என்கிறார் (277). ஆகக் கருப்பைக் கெட்டதுக்குச் சொல்லும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. ஆனால் அங்கே ஒரு நிறம் ஒரே குணத்தோடு கட்டிப்போடப்படவில்லை.

நீங்கள் கேட்ட சொல்லுக்கு வருகிறேன். கருப்புப் பட்டியல், கருப்புப் பணம், கருப்புச் சந்தை, கருப்பு ஆடு எல்லாம் ஆங்கிலத்தைப் பார்த்துப் பெயர்த்தவை. என் அப்பா ரேஷன் காலத்தைப் பற்றிப் பேசும்போது 'கள்ளச்சந்தை' என்பார். 'கள்ளப்பணம்' என்பார். கள்ளநோட்டு என்று இன்றும் சொல்கிறோமே. தப்பு எதுவோ அதைச் சொல்ல நமக்குச் சொல் இருந்தது. அதை விட்டுவிட்டு இன்னொருவரிடம் நிறத்தைக் கடன் வாங்கினோம். 2015-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின் பெயரிலேயே 'கருப்புப் பணம்' ஏறிவிட்டது.


காங்கேயம் மயிலை

வாத்தியார் ஐயா கருப்பு ஆடு என்றதும் எங்கள் அப்பாரு (தாத்தா) ஞாபகம் வந்துவிட்டது. டிவியில் 'கட்சிக்குள் கருப்பு ஆடு' என்று செய்தி ஓடியது. அவர் பீடியை எடுத்துவிட்டுக் கேட்டார், "கருப்பாடு என்ன பண்ணுச்சு?" என்று. விளக்கினேன். அவருக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை.

எப்படிப் பிடிபடும்? எங்கள் பட்டியில் வெள்ளாடு என்று பெயர் வைத்திருப்பதில் பாதிக்கு மேல் கருப்பு. கருப்பராயனுக்கு நேர்ந்தவர்கள் ஒரு பொட்டு வெள்ளை இல்லாத கிடாயாகத் தேடி வருவார்கள். அந்தக் கிடாய்க்கு விலை கூட. மாட்டிலும் அப்படித்தான். காங்கேயம் கன்று செவலையாக (சிவப்பாக) பிறந்து, ஆறு மாத வாக்கில் மயிலையாக (சாம்பல் நிறமாக) மாறும். காளையாக இருந்தால் கழுத்தும் திமிலும் கறுத்துக்கொண்டே வரும், அந்தக் கருக்கலைப் பார்த்துத்தான் காளை தேறிவிட்டது என்போம். காரி (கருப்பு), மயிலை, செவலை என்று கூப்பிடுவது அடையாளத்துக்கு.


சாயத்தொட்டி (திருப்பூர்)

கருப்பு ஆட்டுக்குப் பதில் எங்கள் தொழிலில் இருக்கிறது. வெள்ளைக் கம்பளியில் எந்தச் சாயமும் ஏறும். கருப்புக் கம்பளியில் எதுவும் ஏறாது, அதனால் சீமையில் அதற்கு விலை இல்லை. அவ்வளவுதான் விஷயம். சாயம் போடுகிறவனின் கணக்கு, ஆட்டின் குணமாக எழுதப்பட்டுவிட்டது. நம்மூரில் ஆட்டைக் கறிக்கும் தோலுக்கும் வளர்த்தோம், அதனால் அப்பாருக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை தானாக வருவது, கருப்பு அழுக்கு என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். கோரா துணி (வெளுக்காத துணி) பழுப்பாகத்தான் வரும். பெராக்சைடில் வெளுத்து, அதற்கு மேல் பளபளக்கிற மருந்தும் போட்டால்தான் பையர் கேட்கும் வெள்ளை வரும். நல்ல கருப்புக்கு நூறு கிலோ துணிக்கு ஆறேழு கிலோ சாயம் ஓடும். இளம் நிறத்துக்கு அரைக்கிலோகூட ஆகாது. தொட்டியில் மிகவும் செலவாகும் நிறம் கருப்பு.

ஆனால் நான் சொல்ல வந்தது 'ஸ்கின் கலர்' பற்றி. லெக்கின்ஸ், உள்பாவாடை, பிரா எல்லாவற்றுக்கும் ஸ்கின் என்று ஒரு ஷேடு உண்டு. போன வருஷம் லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துண்டு) பார்க்கும் பையன், ராமநாதபுரத்துக்காரன், நல்ல கருப்பு, துணித்துண்டைத் தன் முன்கைமேல் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "மாஸ்டர், இது யாரோட ஸ்கின்?" பக்கத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் கையை நீட்டிப் பார்த்தோம். ஆறு பேரில் ஒருவர் தோலும் அந்த ஷேடு இல்லை. இருபது வருஷமாக அந்தப் பெயரை நான் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். கிரேயோலா கம்பெனியின் மெழுகுக் குச்சியில் 'ஃபிளெஷ்' என்று ஒரு நிறம் இருந்தது. 1962-ல் அதைப் 'பீச்' என்று மாற்றினார்கள். 1999-ல் 'இண்டியன் ரெட்' என்ற பெயரையும் 'செஸ்ட்நட்' ஆக்கினார்கள். இதில் வேடிக்கை இல்லை, பாடம் இருக்கிறது. இண்டியன் ரெட் நம் நாட்டில் கிடைத்த ஒரு காவி மண்ணின் பெயர். அதில் யார் தோலும் இல்லை. ஆனால் அமெரிக்கப் பிள்ளைகள் அதைத் தங்கள் நாட்டுப் பூர்வகுடிகளின் தோல் நிறம் என்று எண்ணிக்கொண்டார்கள். பெயர் சுத்தமாகப் பிறந்தது, போய் விழுந்த இடம் வேறு. எங்கள் லேபில் இப்போது ஷேடு நம்பரோடு 'பிஸ்கட்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர்கள் இன்னும் ஸ்கின் என்றுதான் கேட்கிறார்கள்.


அமுச்சி பேத்தி (கோபிசெட்டிபாளையம்)

சாயத்தொட்டி அண்ணா எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் எல்லோரும் பட்டியலையும் ஆட்டையும் பேசுகிறீர்கள். நான் கருப்பு. மாநிறம் இல்லை, கருப்பு.

நம் பக்கத்தில் 'பொண்ணு கலரா இருக்குது' என்றால் என்ன அர்த்தம்? வெள்ளையாக இருக்கிறாள் என்று அர்த்தம். கலர் என்ற சொல்லுக்கே ஒரு கலர்தான். நாங்கள் எல்லாம் கலர் இல்லாதவர்கள். அதே சொல்லை அமெரிக்காவில் கருப்பர்களுக்கு வைத்திருந்தார்கள். 1909-ல் அவர்கள் உரிமைக்காகத் தொடங்கிய சங்கத்தின் பெயரில் 'கலர்டு பீப்பிள்' என்றுதான் இருக்கிறது. ஒரே ஆங்கிலச் சொல், அங்கே எங்களைப் போன்றவர்களைக் குறித்தது, இங்கே எங்களைத் தள்ளி வைக்கிறது.

என் அமுச்சி (அம்மாவின் அம்மா) பெயர் கருப்பாத்தாள். என்னைக் 'கருவாச்சி' என்றுதான் கூப்பிடுவார். தலைக்குத் தண்ணி வாக்கும்போது முதுகைத் தேய்த்துக்கொண்டே "என்ற கருவாச்சி" என்பார். இன்றைக்கும் அந்தச் சொல் காதில் விழுந்தால் சீயக்காய் வாசனை வரும். அந்தச் சொல்லை யாராவது தடை செய்தால் நான் சண்டைக்கு வருவேன்.

பொண்ணு பார்க்க வந்தவர்கள் யாரும் என்னைக் கருவாச்சி என்று சொல்லவில்லை. மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். ஒருவர் வீட்டில் பவுடர் போடாமல், வெயிலில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். "பொண்ணு லட்சணமா இருக்குதுங்க, கலர் மட்டும் கொஞ்சம் கம்மி. அஞ்சு பவுன் சேத்திப் போட்டீங்கன்னா பேசி முடிச்சுக்கலாம்" என்றார்கள். கருப்பு என்ற சொல்லே வரவில்லை பாருங்கள். அப்பா ஜாதகக் குறிப்பில் மாநிறம் என்று எழுதியிருந்தார். அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னை மதிப்புக் குறைத்தது மாப்பிள்ளை வீட்டார் மட்டும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

வெண்ணெய் அண்ணா, கிரீம் பெயர் மாறியதால் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் என் மகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் 'அழகு என்றால் வெள்ளை' என்று போர்டு இல்லாமல் இருந்தால், அவளுக்குப் படிக்க ஒரு பொய் குறைவு. அது போதும் என்று சொல்லவில்லை, வேண்டும் என்கிறேன்.


பீளமேட்டான் (கோவை)

அக்கா, ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வர்ணம் என்ற சொல்லுக்கே நிறம் என்றுதான் பொருள். நிறத்தின் பெயரைச் சொல்லி மனிதரைப் பிரிக்கும் வழக்கம் நமக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதி ஆகவில்லை. பொண்ணு பார்க்கும் இடங்களில் நிறத்தைக் கேட்பது சில சமயம் வேறொன்றைக் கேட்பதுதான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.


ஊத்துக்குளி வெண்ணெய்

அம்மிணி, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். கிரீம் விஷயத்தில் என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். எனக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

ஆனால் ஆள்மேல் விழும் சொல் வேறு, பட்டியல் வேறு என்பதில் இன்னும் நிற்கிறேன். கருப்புப் பட்டியல் எந்த மனிதரையும் பார்த்துச் சொல்லும் சொல் இல்லை. ஈரோட்டுக்காரர் பெரியாரே தேடிப் பிடித்துக் கருப்பைத்தான் எடுத்தார். கொடியில் கருப்பு, சட்டையும் கருப்பு. இழிவென்று சொன்னதையே தூக்கிப் பிடிப்பது ஒரு வழி. நாமும் சொல்லை விட்டு ஓடாமல் அதன் அர்த்தத்தை மாற்றலாமே.


நொய்யல்கரை (திருப்பூர்)

அண்ணா, பெரியார் கருப்பைத் தானே எடுத்து உடுத்திக்கொண்டார். அதற்கு இருக்கும் பலம் அது. பட்டியலில் ஏற்றுவது அப்படி இல்லையே, அது மற்றவர்மேல் நாம் பூசுவது.

நான் ஏன் இதைக் கேட்டேன் என்ற முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மாமனாருக்குக் காதர்பேட்டையில் சர்பிளஸ் பனியன் கடை. அங்கே நைஜீரியாவிலிருந்து வந்து பேல் பேலாக வாங்கிக் கப்பலில் அனுப்புகிறவர்கள் உண்டு. ஒருநாள் நான் கடையில் இருந்தேன். வழக்கமாக வரும் ஒருவர் தெருமுனையில் திரும்பினார். மாமா கடைப்பையனிடம், "கருப்பன் வர்றான், டசனுக்கு நாப்பது ஏத்திச் சொல்லு" என்றார். அவர் உள்ளே வந்து, பேலைப் பிரித்து, தையலை இழுத்துப் பார்த்து, பட்டனை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பையன் விலை சொன்னான். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தமிழில் சொன்னார்: "அண்ணா, ஆறு வருஷமா உங்ககிட்ட வாங்கறேன். கருப்பன் விலை வேண்டாம். கஸ்டமர் விலை சொல்லுங்க."

மாமா துடித்துப் போய்விட்டார். "ஐயோ, அப்படி இல்லீங்க, எங்க குலசாமியே கருப்பராயனுங்க, என்ற தம்பி பேரே கருப்புசாமிங்க" என்றார். அது பொய் இல்லை. அவர் வாயில் அந்தச் சொல் வசவாக வரவில்லை, சத்தியம் பண்ணுவேன். ஆனால் எதிரே எங்கள் வீட்டுக் கருப்புசாமி சித்தப்பா வந்திருந்தால் 'வர்றாருங்க' என்றிருப்பார். ஆடு மாட்டுக்குக்கூடக் கோபத்தில்தான் 'ங்க'வை விடுவோம் நாம். அன்றைக்கு நிறத்தைச் சொன்ன உடனே 'ங்க' போயிற்று, நாற்பது ரூபாய் ஏறிற்று. அந்த மூன்றும் ஒரே மூச்சில் வந்ததை நான் கேட்டேன். சொல்லுக்கு ஆயிரம் வருஷப் பெருமை இருந்தாலும் அந்தக் கடையில் அது என்ன வேலை செய்தது என்பதை அவர் சரியாகவே கேட்டார். நாற்பதைக் குறைத்துத்தான் பில் போட்டோம். மாமா அதற்கப்புறம் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆறு வருஷத்துக்குப் பிறகு.

அதனால் வாத்தியார் ஐயா சொன்ன வழியில் போகலாம் என்று முடிவு செய்தேன். கருப்பு என்ற சொல்லைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். அமுச்சிக்கும் கருப்பராயனுக்கும் அது இருக்கட்டும். பட்டியலுக்கு மட்டும் நிறம் வேண்டாம், என்ன நடக்கிறதோ அதை எழுதுவோம் என்று.

இன்று காலை அச்சடித்த தாளில் 'புது ஆர்டர் நிறுத்தி வைக்கப்பட்ட யூனிட்டுகள்' என்று போட்டேன். நீளம்தான், மேனேஜரும் சொன்னார். மத்தியானம் பவர் டேபிள்காரர்கள் ஒன்பது பேரை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். எத்தனையோ வருஷமாகக் 'கருப்புப் பட்டியல்' என்று படித்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனவர்கள் அவர்கள். அனுப்பர்பாளையத்திலிருந்து வரும் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "நிறுத்தி வெச்சா எத்தன நாளைக்குங்க? திருத்திக்கிட்டா மறுபடியும் குடுப்பாங்களா? அதுக்கு யாரப் பாக்கோணும்ங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன், அதிலும் இல்லை. ஆங்கிலத்தில் சொல்லை மாற்றியவர்கள் அதை எழுத மறந்திருக்கிறார்கள். அவர் கேட்ட மூன்று கேள்வியையும் பையருக்கு மெயில் அனுப்பிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.